காலையில் மட்டும் அறுந்த வைஃபை: காசிமேட்டு லேப்டாப் ஒன்றின் பழுது ஆய்வு

லேப்டாப் சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டிலிருந்து வந்தது. வாங்கி மூன்று வருடம் ஆன 15 அங்குல மாடல், விண்டோஸ் 11. சொந்தக்காரர் வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் பெண். ஷிஃப்ட் காலை 6 மணிக்குத் தொடங்கும். புகார்ச் சீட்டில் அவர் எழுதிய ஒரே வரி: "வைஃபை அடிக்கடி கட் ஆகிறது." கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே இந்தப் பழுதுக்கு அந்த வீட்டில் நிறையச் செலவாகியிருந்தது. இணைப்புக் கொடுத்தவர்கள் ரவுட்டர் பழசு என்றார்கள்; புதிது வாங்கினார்கள். பிறகு ஒரு சர்வீஸ் கடையில் வைஃபை கார்டை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடையில் இருந்தவரை எல்லாம் நன்றாக ஓடியது. வீட்டுக்குப் போன மறுநாள் காலை பழைய கதைதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களிலிருந்து வரும் மெஷின்களில் இந்த மாதிரிப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்கு வந்ததும் மறைந்துவிடுவதால் பாகம் பாகமாக மாற்றி மக்கள் பணத்தை இழக்கிறார்கள். அதனால் இந்த ஒரு மெஷினை விவரமாக எழுதுகிறேன்.

கேட்டுத் தெரிந்துகொண்டது

மெஷினைத் திறப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது.

"எப்பம்மா கட் ஆவுது?"

"காலைலதாண்ணா. ஆறு மணிக்கு லாகின் பண்ணா எட்டு, எட்டரை வரைக்கும் உயிரை எடுக்கும். அப்புறம் தானா சரியாயிடும்."

"அந்த நேரத்துல போன்ல வைஃபை வருதா?"

"போன்ல சூப்பரா வருது. அதுலதான் டீம் லீடருக்கு, நெட் போயிடுச்சுன்னு மெசேஜே போடறேன்."

இந்தப் பதில் ஒன்றிலேயே ரவுட்டர் வழக்கிலிருந்து விடுதலை ஆகிவிடுகிறது. அதே அறையில், அதே நிமிடத்தில், அதே ரவுட்டரில் போன் ஓடுகிறது என்றால் புது ரவுட்டருக்கு அவசியமே இல்லை. இதை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

"கட் ஆவும்போது ஸ்கிரீன்ல ஏதாச்சும் தெரியுதா?"

"ஒரு பிளேன் படம் வந்துட்டுப் போவும்ணா. ஏதோ நோட்டிஃபிகேஷன்னு விட்டுட்டேன்."

கூட வந்திருந்த அம்மா இடையில் சொன்னார்: "மழ பேஞ்சா நாள் பூரா அப்படித்தாம்பா கீது. நெட்டுக்காரனக் கேட்டா ஒயர்ல தண்ணி பூந்துக்கிச்சுன்றான்."

பிறகு கீபோர்டைப் பற்றிக் கேட்டேன். சில நேரம் ஒரு எழுத்தை அடித்தால் பக்கத்தில் இன்னொன்றும் விழும், சவுண்டு தானாக ஏறும், அதெல்லாம் பழகிவிட்டது என்றார். அவருக்கு அது ஒரு புகாராகவே தோன்றவில்லை. வேலையைக் கெடுப்பது வைஃபை. அதுதான் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு முறை அறும்போதும், அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் தூக்கி வெளியே போட்டுவிடும், மறுபடி கடவுச்சொல், ஓடிபி, அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மாத முடிவில் அந்த நிமிடங்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பை வேறு யார் தொடுகிறார்கள் என்றும் கேட்டேன். தம்பி. மீன்பிடித் துறைமுகத்தில் படகு வேலை. இரவில் பென் டிரைவில் படம் பார்ப்பான். லேப்டாப் இருக்கும் மேசை, கடல் காற்று நேரே அடிக்கும் ஜன்னலுக்குக் கீழே.

கேட்டதிலிருந்து எழுந்த சந்தேகம்

விமானப் படம் தெரிந்தது என்றால், வைஃபையை மொத்தமாக அணைத்துவிடும் ஏர்பிளேன் மோட் ஆன் ஆகியிருக்கிறது. சிக்னல் குறைந்து அறுந்துபோகும் வைஃபை அந்தப் படத்தைக் காட்டாது. வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் செயலிழந்தாலும் காட்டாது. யாரோ அந்தக் கீயை அழுத்தினால்தான் அது பொதுவாக வரும். வீட்டில் யாரும் அழுத்தவில்லை. கீபோர்டு தானே அழுத்திக்கொள்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. 8 வரிசைக் கோடுகள், 16 முதல் 18 வரை நெடுக்குக் கோடுகள், இரண்டும் குறுக்கிடும் இடங்களில் கீ. மெல்லிய பாலியெஸ்டர் தாள்களில் வெள்ளி மையால் இந்தக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். கீயை அழுத்தினால் மேல்தாளும் கீழ்த்தாளும் அந்தப் புள்ளியில் தொட்டுக்கொள்ளும். மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப், கோடுகளை ஒவ்வொன்றாக வேகமாகச் சோதித்து எந்தக் கோடும் எந்தக் கோடும் இணைந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கும். விரல் அழுத்தியதா, ஈரம் இணைத்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோட்டில் போட்டிருக்கும் மின்தடை சில பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும் என்பதால், கோடுகளுக்கு இடையில் அதைவிடக் குறைவான தடையுள்ள கசிவு வந்தாலே அழுத்தியதாகக் கணக்கு வைத்துவிடும்.

ஆகவே இரண்டு வரிசைக் கோடுகளுக்கு இடையே கசிவு என்றால் ஒரு எழுத்து அடிக்க இரண்டு விழும். ஒரு வரிசைக்கும் ஒரு நெடுக்குக்கும் இடையே கசிவு என்றால் அங்கே இருக்கும் கீ தானே அழுத்தப்படும். இந்த மாடலில் ஒலிக் கீகளும் ஏர்பிளேன் கீயும் மேல்வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பெண் சொன்ன மூன்று தொந்தரவுகளும், அதாவது ஒலி ஏறுவது, இரட்டை எழுத்து, வைஃபை போவது, ஒரே இடத்துக்குத்தான் கை காட்டின.

மிச்சமிருந்தது காலை நேரம் என்ற புதிர். அதற்கு விடை அவர்கள் சமையலறையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நனையத் தொடங்கும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. உப்புக் கரைசல் நன்றாகவே கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரச் சென்னையின் விடியற்காலை ஈரப்பதம் 80-க்கு மேல் போவது சாதாரணம். காலை ஆறு மணிக்கு லேப்டாப் குளிர்ந்திருக்கும், உப்பு ஈரமாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஓடினால் உள்ளே சூடேறி ஈரம் போய்விடும், கசிவும் நின்றுவிடும். அம்மா சொன்ன மழை நாளும் இதில் அப்படியே பொருந்தியது.

இன்னொன்றும் இதில் விளங்கும். எட்டு மணிவாக்கில் ரீஸ்டார்ட் செய்தவர், ரீஸ்டார்ட்டால் சரியானது என்று நினைப்பார். ரவுட்டரை அணைத்துப் போட்டவர் அதனால்தான் என்று நினைப்பார். உண்மையில் சரி செய்தது மெஷினின் சொந்தச் சூடு. முந்தைய கடையிலும் என் கடையிலும் பழுது தெரியாமல் போனதற்கும் ஈரம் இல்லாததே காரணம். ஏசி ஓடும் அறையில் அந்த உப்பு எப்படி நனையும்?

கடையில் செய்த சோதனைகள்

சந்தேகம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சோதிக்காமல் பாகம் வாங்கக் கூடாது. முதலில் பார்த்தது பேட்டரி. உப்பிய லித்தியம் பேட்டரி கீழிருந்து கீபோர்டைத் தள்ளி, தானாகக் கீ அழுத்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன். டச்பேட் மேடாகத் தெரிந்தாலோ, மூடினால் மூடி சரியாகப் படியாவிட்டாலோ மெஷினை ஓட்டவே கூடாது. அமுக்கிப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் தீப்பிடிக்க வைக்கும். இந்த மெஷினில் பேட்டரி தட்டையாக, நல்ல நிலையில் இருந்தது.

சட்டென்று தட்டும் கீயைக் கணக்கில் எடுக்காத ஃபில்டர் கீஸ் அமைப்பு ஆஃப். நம்லாக் (Num Lock) சிக்கலும் இல்லை. சில சின்ன லேப்டாப்களில் நம்லாக் விழுந்துவிட்டால் யூ, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 என்று விழும், அதைக் கீபோர்டு பழுது என்று கொண்டுவருவார்கள். தேதியும் நேரமும் சரியாக இருந்தன. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனால் வைஃபை இணைந்திருந்தும் தளங்கள் திறக்காது. அதுவும் இங்கே இல்லை.

அடுத்து விண்டோஸ் தானே எழுதி வைத்திருக்கும் வைஃபை அறிக்கையை எடுத்தேன். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து ஒரு வரி கொடுத்தால், கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்று படமாகப் போட்டுக் கொடுக்கும். மூன்று நாளும் சிவப்புக் குறிகள் காலை ஆறுக்கும் எட்டரைக்கும் இடையில் குவிந்திருந்தன. மதியத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் சொன்னதை மெஷினும் அப்படியே சொன்னது. இந்த அறிக்கையை எடுக்க ஒரு நிமிடம் போதும். கார்டை மாற்றுவதற்கு முன் ஒருமுறை இதைப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு வருத்தம்தான்.

கீபோர்டு டெஸ்டரில் எல்லாக் கீயும் பச்சை காட்டின. கடைக்குள் குறை எதுவும் தெரியவில்லை. தெரியாது என்றுதான் எதிர்பார்த்தேன்.

வீட்டில் செய்த சோதனை

பழுது வரும் இடத்திலும் நேரத்திலும்தான் இதைப் பிடிக்க முடியும். அதற்காக நான் போய் உட்கார வேண்டியதில்லை. பின்மூடியைக் கழற்றி, கீபோர்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டை ரிப்பன் கேபிளை மட்டும் கழற்றிவிட்டேன். மூடியைப் போட்டு, ஒரு யுஎஸ்பி கீபோர்டைக் கையில் கொடுத்தேன். "இதே ஜன்னல், இதே டேபிள், இதே ஷிஃப்ட். எதையும் மாத்தாதம்மா. காலைல என்ன ஆவுதுன்னு மட்டும் பாரு."

கீபோர்டை விண்டோஸில் டிசேபிள் செய்தால் போதாதா என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். போதாது. எழுத்துக் கீகள் ஒரு வழியாக விண்டோஸுக்குப் போகின்றன. ஏர்பிளேன் கீயைப் பல மாடல்களில் கன்ட்ரோலர் வேறு வழியாகத் தெரிவிக்கிறது. எழுத்தை நிறுத்தினாலும் விமானம் பறந்துகொண்டேதான் இருக்கும். கேபிளைக் கழற்றினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்த வாரம் மழை. நல்லதாகப் போயிற்று. ஒரு காலையில்கூட வைஃபை அறவில்லை, விமானப் படமும் வரவில்லை. புது ரவுட்டர், புதுக் கார்டு, புது விண்டோஸ் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு கேபிளைக் கழற்றியது செய்தது.

திறந்து பார்த்தது

இந்த மாடலில் கீபோர்டு ஸ்க்ரூவில் நிற்பதில்லை. உருக்கிய பிளாஸ்டிக் ரிவெட்டுகளால் மேல்சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். ரிவெட்டுகளை நறுக்கி எடுத்தால்தான் வெளியே வரும். முழு மேல்சட்டத்தையும் மாற்றினால் வேலை சுலபம், விலை அதிகம். கீபோர்டை மட்டும் வாங்கி ரிவெட்டுகளைச் சூடு வைத்து மறுபடி உருக்கினால் வேலை நீளம், செலவு குறைவு. இந்த வீட்டில் ஏற்கெனவே போன பணத்தை நினைத்து இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த மாடலுக்குக் கீபோர்டு எளிதாகக் கிடைத்தது.

பழையதைத் திருப்பிப் போட்டுப் பிரித்தபோது மேல்வரிசைக்கு அடியில், ஒலிக் கீகளின் பக்கம், தாள்களின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு. அங்கிருந்து உள்ளே போகும் வெள்ளிக் கோடுகள் கறுத்திருந்தன. இரண்டு கோடுகளுக்கு இடையே மயிரிழை போல் கறுப்பு படர்ந்திருந்தது. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து இருந்தால் வெள்ளி ஒரு கோட்டிலிருந்து கரைந்து அடுத்த கோட்டில் படிந்து, அங்கிருந்து இழையாகத் திரும்பி வளரும். எலக்ட்ரானிக்ஸில் வெள்ளியைப் பற்றி நெடுங்காலமாகத் தெரிந்த குணம் இது. கீபோர்டின் மற்ற பகுதி எல்லாம் சுத்தம்.

ஏன் மேல்வரிசை மட்டும்? கடல் காற்றுதான் என்றால் எல்லா இடத்திலும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். படம் பார்க்கிறவன் எழுத்துக் கீகளைத் தொடுவதில்லை. ஒலியையும் வெளிச்சத்தையும்தான் கூட்டிக் குறைப்பான். படகிலிருந்து வந்த கையில் உப்பு இருக்கும், கழுவினாலும் நகக்கண்ணில் தங்கும். தம்பியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. லேப்டாப்பின் மாதத் தவணையைக் கட்டியதும் அதே கைதான். அந்தப் பக்கத்து வீடுகளில் லேப்டாப்பை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதைத் தொழில்காரன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெருவைத் தெரியாமல் மெஷினை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

ஜன்னல் காற்றுக்கும் பங்கு உண்டு. ரிப்பன் கேபிள் சொருகும் கனெக்டரில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. அங்கே யாருடைய கையும் போகாது. ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் சில மெஷின்களில் வெள்ளியும் செம்பும் வேறு மாதிரி, சீராகக் கறுத்திருக்கும். கந்தக வாயுக்கள் வெள்ளியை அப்படிக் கறுக்க வைக்கும். இந்த மெஷினில் பொருக்கும் பச்சையும் இருந்ததால் உப்பையே காரணமாக எழுதினேன்.

கடைசிச் சந்தேகத்தையும் தீர்க்க, கழற்றிய கீபோர்டின் ரிப்பனில் கசியும் என்று நினைத்த இரண்டு முனைகளுக்கு மல்டிமீட்டர் வைத்தேன். ஏசி அறையில் இணைப்பே இல்லை. ஈரத்துணியோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்த கையோடு பார்த்தால் பத்தாயிரம் ஓம் சுற்றி நின்றது. டேபிள் விளக்குக்குக் கீழே வைத்ததும் தடை ஏறி ஏறி மறுபடி இணைப்பு அற்றது. காசிமேட்டுக் காலை என் மேசையில் நடந்தது என்றே சொல்வேன். அந்தப் பெண்ணுக்கு இதை வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு முறை ஏமாந்தவருக்கு ஆதாரத்தைக் காட்டுவது நம் கடமை.

செய்த வேலை

மதர்போர்டு கனெக்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கீபோர்டுத் தாள்களைச் சுத்தம் செய்து பழையதையே போட முடியாதா என்றால், தாள்கள் ஒட்டப்பட்டவை. பிரித்தால் கோடு உரியும். பிரிக்காமல் ஆல்கஹால் விட்டால் உப்பு இன்னும் உள்ளே போகும். அரிசி மூட்டைக்குள் புதைப்பது இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்லும் வைத்தியம். அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கலாம், உப்பை இழுக்காது. ஈரம் போன பிறகும் உப்பு அங்கேயே உட்கார்ந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஹேர் டிரையர் கீயின் மூடிகளை வளைத்துவிடும்.

முன்பு மாற்றிய கார்டையும் பார்த்தேன். கார்டு நல்லதுதான். ஆனால் அதில் சொருக வேண்டிய இரண்டு ஆன்டெனா வயர்களில் ஒன்று சரியாக அமராமல் மேலே சும்மா நின்றிருந்தது. ஒரு வயரிலும் வைஃபை ஓடும். தூரம் போனால் தளர்ந்துவிடும். அழுத்திச் சொருகியதும் அதே இடத்தில் சிக்னல் 45 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறியது. காலைத் தொந்தரவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதை அப்படியே விட்டிருந்தால், கீபோர்டு மாற்றிய பிறகும் "நெட் ஸ்லோவா இருக்குண்ணா" என்று திரும்பி வந்திருப்பார், நான் கண்டுபிடித்ததே தப்பு என்று இருவருக்கும் தோன்றியிருக்கும். ஒரே மெஷினில் இரண்டு பழுது இருக்கும்போது ஒன்றை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து.

கீபோர்டுக்கு மேலே மெல்லிய சிலிக்கோன் உறை போட்டுக் கொடுத்தேன். இந்த மாடல் காற்றை அடியிலிருந்து இழுப்பதால் உறையால் சூடு ஏறாது. கீபோர்டு வழியாகக் காற்று இழுக்கும் மாடலுக்கு இதைச் செய்யக் கூடாது. மேசையை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றச் சொன்னேன். தம்பி படம் பார்க்க ஒரு யுஎஸ்பி மவுஸ் வாங்கிக்கொண்டான். ஒலியை அதன் சக்கரத்திலேயே கூட்டிக்கொள்கிறான்.

கார்த்திகை மழை முழுக்க அந்தக் காலை ஷிஃப்ட் அறாமல் ஓடியது. பிறகு எடுத்த அறிக்கையிலும் காலை நேரத்துச் சிவப்பு இல்லை.

மாற்றிப் போட்ட பழைய ரவுட்டர் அந்த வீட்டுப் பரணில் கிடந்தது, எந்தக் குறையும் இல்லாமல். மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்து, ஐபி முகவரியைப் புதியதோடு மோதாமல் மாற்றி, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கேபிள் போட்டு, சேனலை 1-ல் வைத்தேன். புதியது 11-ல் ஓடுகிறது. இப்போது சிக்னல் எட்டாத பின்னறைக்கு அதுதான் வைஃபை கொடுக்கிறது.